ஒரு ரவுண்டு சுத்திட்டு வர்றேன்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அமெச்சூர் ரேடியோக்காரரான நம் ஹாம் பெரியவருக்கு இன்னும் செரிக்கவில்லை. சென்னையில் ரேடியோக்காரர்களின் ஜங்க் சேலில் 1,200 ரூபாய் சொன்ன கேங் கண்டென்சரை அரை மணி நேரம் மல்லுக்கட்டி 800-க்குக் கொண்டுவந்திருந்தார். இன்னும் 200 இறங்கும் என்று அனுபவம் சொன்னது. "ஒரு ரவுண்டு சுத்திட்டு வர்றேன்" என்று நகர்ந்தார். திரும்பி வந்தபோது, திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த கல்லூரிப் பையன் ஒருவன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். முழுசாக 1,200 கொடுத்துவிட்டானாம்.

பேரமே பேசாமல்!

திருட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சாமான் அப்படி. பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கும் கேங்கில் தகடுகள் நெருக்கியடித்து நிற்கும். டிரான்ஸ்மிட்டர் பவரை அதில் விட்டால் தகட்டுக்குத் தகடு பொறி பறக்கும். இதில் தகடுகள் தாராளமாக இடம்விட்டு நின்றன. ஆன்டெனா டியூனருக்கென்றே பிறந்தது. பெரியவர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அச்சை மெல்லத் திருப்பி, எங்காவது உரசுகிறதா என்று கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு பார்த்தார். எங்கேயும் உரசவில்லை. உடனே முகத்தைச் சுளித்து, "உரசுதே சார்" என்றார். வீட்டுப் பரணில் இதே ஜாதியில் ஏழு கிடக்கின்றன என்பது வேறு கதை.

இந்தச் சந்தைகளில் ஏமாறாமலிருக்க மூன்று விதிகள் உண்டென்பார் பெரியவர். முதல் விதி: "ஒர்க்கிங் கண்டிஷன்" என்று யார் சொன்னாலும் நம்பாதே.

வெறும் "ஒர்க்கிங் கண்டிஷன்" என்றால் பிளக்கைச் செருகியபோது ஃபியூஸ் போகவில்லை என்று பொருள். "பக்கா ஒர்க்கிங்" என்றால் டயல் விளக்கும் எரியும். "வீட்ல நல்லா பாடிச்சு சார்" என்றால் பாடியது நிஜம், வருஷம்தான் 1987. "ஒரே ஒரு கண்டென்சர் மாத்தினா போதும்" என்றால் அந்த ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் மாற்ற வேண்டும். "சின்ன டிரை சால்டர்தான்" என்பவர் அந்தச் சின்ன டிரை சால்டரை மூன்று மாதம் தேடிக் கைவிட்டவர். "நான் டெஸ்ட் பண்ணவே இல்ல" என்பவர்தான் நிச்சயமாக டெஸ்ட் பண்ணிப் பார்த்தவர். "அப்பா வச்சிருந்தது" என்றால் விலை குறையாது, கண்ணீர்தான் வரும். மிலிட்டரி சாமானைப் பார்த்து ஒர்க்கிங்கா என்று கேட்பதே மரியாதைக் குறைவு. தூக்கினால் இடுப்பு பிடிக்கும், அதுவே உத்தரவாதம். போன வருஷம் பெரியவரே ஒரு பவர் சப்ளையை "நல்லா ஓடிட்டிருந்தது" என்று சொல்லித் தள்ளிவிட்டார். ஓடியது உள்ளே இருந்த ஃபேன் மட்டும்.

இருபது வருஷம் சும்மா கிடந்த செட்டில் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் கெட்டுப்போயிருக்கும். நேராக 230 வோல்ட்டில் செருகக் கூடாது. சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போட வேண்டும்; பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். இது பெரியவருக்கு மனப்பாடம். சந்தையிலிருந்து வந்த கையோடு மட்டும் மறந்துவிடும். அப்படி ஒருமுறை டப்பென்று வெடித்து, வீடெல்லாம் மீன் கவிச்சி அடித்தது. சைவ வீடு. ஹாம் பாஷையில் மனைவிக்கு எக்ஸ்ஒய்எல் என்று பெயர், அதாவது முன்னாள் இளம்பெண். இதன் விரிவு இன்னும் அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு வெடிச்சத்தம் இரண்டாகக் கேட்டிருக்கும்.

இந்த வியாதி சென்னைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் ஹாம்வென்ஷன் 1952-இலிருந்து நடக்கிறது. 2017-இல் அது சீனியா என்ற ஊருக்கு மாறியபோது பழைய சாமான் சந்தையைக் குதிரைப் பந்தயத் தடத்துக்கு நடுவில் விரித்தார்கள். இடம் பொருத்தம்தான், அங்கேயும் முதலில் ஓடுகிறவனுக்குத்தான் பரிசு.

விலை கொடுக்கவே கூடாதென்றால் அதற்கும் வழி உண்டு. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான், தான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்சீவரில் காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரே போதும் என்று காட்டினார். பெரியவர் ஹார்டுவேர் கடையில் அந்த வாஷருக்கும் பேரம் பேசினார். எட்டணா குறைந்தது.

இரண்டாவது விதி, ஆசைப்பட்ட பொருளைப் பார்த்துக்கொண்டே விலை கேட்கக் கூடாது. பக்கத்துப் பொருளை முறைத்துக்கொண்டு கேட்க வேண்டும். மூன்றாவதைச் சொல்ல வந்த நேரத்தில்தான் அந்தப் பையனின் ஞாபகம் வந்துவிட்டது. எல்லாரும் இப்படிச் சொன்ன விலையைக் கொடுத்தால் அடுத்த தடவை விற்கிறவன் 2,000 சொல்ல மாட்டானா?

புதன்கிழமை காலை 7 மெகாஹெர்ட்ஸில் திருச்சிப் பையன் வந்தான். ஹாம்களுக்குள் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஓஎம்தான். "புது டியூனர் ஓஎம். கேங் வெறும் 1,200-க்கு அமைஞ்சது, சல்லிசு! சிக்னல் எப்படி வருது?"

பக்கத்து அறையில் பேசுவதுபோல் கணீரென்று வந்தது. தாராளமாக 59, அதாவது முழு மார்க், கொடுக்கலாம்.

"47 ஓஎம்" என்றார் பெரியவர். "உரசுற மாதிரி கேக்குது."