சந்தாபுரா கியர்பாக்ஸ் பஞ்சாயத்து

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்தது. அது பொம்மசந்திராவோடு நின்றுவிட்டதில் சந்தாபுராக்காரர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். எனக்குத் தெரிந்த சிலருக்கு மட்டும் அந்தக் கவலையே இல்லை. அவர்களிடம் விஜய் சூப்பரோ லாம்பியோ பழைய சேத்தக்கோ, ஏதோ ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. அவற்றில் ஏறினால் பொம்மசந்திரா வரையாவது போய்ச் சேர முடியுமா என்பது வேறு விஷயம். அந்த விஷயம்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். இரும்புச் சாமான்களைப் பார்த்து ‘ஓகே’, ‘ரீவொர்க்’, ‘ரிஜெக்ட்’ என்று முத்திரை குத்தியே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற அன்று மைக்ரோமீட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாயைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் யார் கியர்பாக்ஸைப் பிரித்து நாட்டு வைத்தியம் பார்த்தாலும், அது தேறுமா தேறாதா என்று சொல்வது என் பொறுப்பாகிவிட்டது. செய்தித்தாளை விரித்து, எண்ணெய் சொட்டச் சொட்டப் பற்சக்கரங்களைப் பரப்புவார்கள். என் மனைவியின் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: ரிஜெக்ட், கொண்டுவந்த ஆளையும் சேர்த்து.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. லக்னோவில் 1972-இல் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா, இத்தாலியின் இன்னொசென்டி நிறுவனத்தின் இயந்திரங்களையே வாங்கிவந்து விஜய் சூப்பரைச் செய்தது. 1997-இல் ஸ்கூட்டர் செய்வதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு உதிரிபாகம் வேண்டுமென்றால் ஜே.சி. ரோடு, இல்லாவிட்டால் சிவாஜிநகர் குஜிரி எனும் பழைய சாமான் சந்தை. அங்கேயும் இல்லையென்றால் சொந்த மூளை. சேத்தக்கைச் சாய்த்து சாய்த்து ஸ்டார்ட் செய்து வளர்ந்த தலைமுறைக்கு, எந்த இயந்திரக் கோளாறும் ஒரு சாய்ப்பில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.

போன மழைக்காலத்தில் ஒருவர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை வெட்டி காஸ்கெட் செய்து கொண்டுவந்தார். கெட்டி அட்டையைக் கேசிங்கின் விளிம்பில் வைத்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் சுற்றிலும் தட்டினால் வடிவம் தானே வெட்டுப்படும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது அரிச்சுவடி. ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரி எண்ணெய் கசியும் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. ஓகே. கசிந்தால் எண்ணெய்தான் போகும். அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை என்பதைத் தீர்ப்பில் சேர்க்கவில்லை.

அடுத்தது லாம்பி. அந்தப் பெட்டியில் கியர்களுக்கும் மூடித்தகட்டுக்கும் நடுவே 0.07 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். அதைச் சரிக்கட்ட ஷிம் என்ற எஃகு வளையம் போடுவார்கள். எங்கள் தெரு மெக்கானிக் குளிர்பான டின்னை வெட்டி அந்த வளையத்தைச் செய்திருந்தார். ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். அளவு அச்சு அசல். ஆனால் சுற்றுகிற கியர் உரசும் இடத்தில் அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? தேய்ந்து பொடியாகி எண்ணெயில் கலந்து ஓடும். அப்படிச் சொன்னதற்கு, “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்” என்றார். அட்ஜஸ்ட் செய்யத்தானே ஐயா அந்த ஷிம்மே இருக்கிறது! ரீவொர்க்.

சேத்தக்கில் கதை வேறு. அதன் நான்கு கியர்களும் தண்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே நகரும் கிராஸ் எந்தக் கியரைப் பிடிக்கிறதோ அதுதான் வண்டியை இழுக்கும். கிராஸின் முனைகள் மழுங்கிவிட்டால், மேட்டில் ஏறும்போது ‘டக்’கென்று கியர் கழன்று, இன்ஜின் மட்டும் ஊரைக் கூட்டும். ஒரு கில்லாடி அந்தக் கிராஸைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தார். இரு முகமும் ஒன்றுபோல் இருக்கும் கிராஸ் என்றால், தேயாத பக்கம் இப்போது சுமையை ஏற்கும். காசு செலவில்லாத, அழகான யோசனை. கியருக்குள் இருக்கும் பள்ளங்களும் மழுங்கியிருக்கும் என்பதால் ஆயுள் கொஞ்சம்தான். ஓகே, தற்காலிகமாக.

என் மனதை வதைத்தது கடைசியாக வந்ததுதான். பொம்மசந்திரா லேத் பட்டறை ஒன்றில், உடைந்த கியர்ப் பல்லை வெல்டிங்கால் நிரப்பி, அரம் போட்டு அராவி, பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் செய்திருந்தார்கள். கைவேலை என்றால் அதுதான் கைவேலை. கொண்டுவந்த பையன் ஐ.டி.க்காரன், தாத்தாவின் வண்டியாம்.

“ரிஜெக்ட்” என்றேன்.

“ஏன் அங்கிள்? சூப்பரா இருக்கே!”

“கியர் மெதுவடை மாதிரிப்பா. வெளியே கடினம், உள்ளே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பதம். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போயிடும். இந்தப் பல் மறுபடி உடையும்.”

“உடைஞ்சா கிளட்சைப் பிடிச்சுக்கிறேன்.”

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். சேத்தக்கின் வெஸ்பா வம்சமானாலும், விஜய் சூப்பர், லாம்பியின் லாம்பரெட்டா வம்சமானாலும், பின்சக்கரம் கியர்பாக்ஸ் தண்டிலேயே நேராக மாட்டப்பட்டிருக்கிறது. கிளட்ச் இருப்பது இன்ஜின் பக்கம். உடைந்த பல் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடித்தால் இன்ஜின்தான் விடுபடும், சக்கரம் விடுபடாது. அந்த நேரத்தில் ஓசூர் சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஷோகேஸ்ல வைக்கலாமா?” என்றான். தாராளமாக வைக்கலாம் என்றேன்.

என் சட்டப் புத்தகத்தில் இருப்பதே இந்த ஒரு பிரிவுதான். செய்த ரிப்பேர் தோற்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர முடியுமா? முடியுமென்றால் பத்திரிகை அட்டை என்ன, பஞ்சாங்க அட்டையையே போடுங்கள், கண்ணை மூடிக்கொள்கிறேன். முடியாதென்றால், செய்தவர் விஸ்வகர்மாவே ஆனாலும் முத்திரை கிடையாது.

வெல்டிங் வைத்த பல்லோடு ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கழற்றிவிடுங்கள். குஜிரியில் பழைய கியர் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். ஆனால் உங்கள் ஸ்கூட்டரின் பின்சீட்டில் அல்ல, பஸ்ஸில்.