உங்கள் ரத்தம் எந்த ஊருக்குப் போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். "எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி இனிமேல் ஒரே ஒரு லேபுக்குத்தான் போக வேண்டும் என்கிறது." சினிமா, அரசியல், மாமியார் சம்பந்தப்பட்ட கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. மாமியார்கள் மன்னிக்கவும்.

என் ரத்தம், என் கை. எந்த லேபில் கொடுப்பது என்று முடிவு செய்ய இன்சூரன்ஸ்காரன் யார்?
(எடிசன், நியூஜெர்சி வாசகர்)

பணம் கொடுப்பவன். நீங்கள் பிரீமியமாகக் கட்டிய பணம்தான், ஆனால் கை மாறிவிட்டதே.

கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் பேசிய அனுபவம் உண்டா? ஆயிரம் இலை என்றால் இலைக்கு ஒரு விலை சொல்வார். ஐம்பது இலை என்றால் தலையைச் சொறிவார். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டால் நூறாவது குழாய்க்கும் ஆயிரமாவது குழாய்க்கும் செலவு அதிகம் கூடுவதில்லை. "எங்கள் ஆட்கள் அத்தனை பேரையும் உன்னிடமே அனுப்புகிறேன், விலையைக் குறை" என்று இன்சூரன்ஸ் பேரம் பேசும். லேப் தலையாட்டும். அந்தப் பேரத்தில் ஆயிரம் இலையில் ஓர் இலை நீங்கள்.

இது புதிதாக வந்த அநியாயமா?
(பிளேனோ, டெக்சாஸ் வாசகி)

இல்லை, வயதுக்கு வந்த அநியாயம். 2006 அக்டோபரில் யுனைடெட்ஹெல்த்கேர் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. 2007 ஜனவரி 1 முதல் தேசிய அளவில் தன்னுடைய ஒரே லேப் லேப்கார்ப்தான், ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு என்றது. அதுவரை உள்ளே இருந்த குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் வெளியே போனது. நாட்டின் இரண்டு பெரிய தனியார் லேப்கள் இவைதான். ஒன்று வட கரோலைனாவின் பர்லிங்டன் ஊர்க்காரர், மற்றது நியூஜெர்சிக்காரர். பங்காளிச் சண்டை மாதிரி.

ஒப்பந்தத்தில் ஒரு சுவையான ஷரத்து இருந்தது. ஆட்களை இடம் மாற்றுவதற்கு யுனைடெட்டுக்கு ஆகும் செலவுக்காக 20 கோடி டாலர் வரை தருவதாக லேப்கார்ப் ஒப்புக்கொண்டது. அதாவது, நோயாளி லேப் மாறுவது சுலபமில்லை என்று அவர்களுக்கும் தெரியும். மாறிய நோயாளியின் பெட்ரோலுக்கு யாரும் ஒரு டாலர் தந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இத்தனை கோலாகலத்துக்கும் பிறகு நடந்தது என்ன? ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு 2018 கடைசியில் முடிந்தது. 2019 ஜனவரி 1 அன்று குவெஸ்ட் மறுபடி யுனைடெட்டின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. அதே நாளில் ஏட்னா என்ற இன்னோர் இன்சூரன்ஸ் கம்பெனியின் வீட்டுக்குள் லேப்கார்ப் நுழைந்தது. பன்னிரண்டு வருடம் "அந்தக் கடைப் பக்கம் போகாதே" என்று நம்மிடம் சொல்லிவிட்டு, சம்பந்திகள் கைகுலுக்கிக்கொண்டார்கள். எனவே இன்று உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தைக் கல்வெட்டு என்று எண்ண வேண்டாம். அது காலாவதித் தேதியுள்ள ஒப்பந்தம்.

டாக்டர் எங்கே அனுப்பினாரோ அங்கேதான் போனேன். பில் எனக்கு வருகிறது. தப்பு யாருடையது?
(ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா வாசகர்)

தப்பு யாருடையதாக இருந்தாலும் பில்லில் உங்கள் பெயர்தான்.

எனக்கே நடந்தது இது. டாக்டரின் அறையிலேயே ஒரு நல்ல பெண்மணி வலிக்காமல் ரத்தம் எடுத்தார். "உங்கள் நரம்பு அழகான நரம்பு" என்று பாராட்டு வேறு. ஆறு வாரம் கழித்து, நான் கால் வைத்தே இராத ஒரு லேபிலிருந்து முன்னூற்றுச் சொச்சம் டாலருக்குப் பில் வந்தது. டாக்டர் என் இன்சூரன்ஸில் இருந்தார். ரத்தம் எடுத்த பெண்மணியும் இருந்தார். குழாய் போய்ச் சேர்ந்த இடம்தான் இல்லை.

இங்கே பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஊசி எங்கே குத்தினார்கள் என்பது கணக்கே இல்லை, குழாய் எங்கே போனது என்பதுதான் கணக்கு. சாயங்காலம் ஒரு கூரியர் வண்டி வந்து டாக்டர் வாசலில் தொங்கும் பெட்டியிலிருந்து குழாய்களை அள்ளிக்கொண்டு போகிறதே, அந்த வண்டி எந்தக் கம்பெனியுடையது? கையை நீட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். "எங்கள் இன்சூரன்ஸின் லேபுக்கு அனுப்புங்கள், அல்லது சீட்டை என் கையில் கொடுங்கள், நானே போய்க்கொள்கிறேன்" என்று சொன்னால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டர்கள் பாவம், அவர்களுக்கும் இதில் அடி உண்டு. வெளி லேபுக்கு நோயாளியை அனுப்பும் டாக்டருக்கு 50 டாலர் அபராதம் போடலாம் என்று 2007-ல் யுனைடெட் அறிவித்தது. மருத்துவர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. நோயாளிக்குப் பதில் டாக்டரிடம் பில்லை நீட்டியதும் வந்த கொதிப்பு அது என்று நான் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

நம்ம ஊர் மாதிரி இங்கேயும் டாக்டருக்கு லேபிலிருந்து கமிஷன் உண்டா?
(பெயர் வேண்டாம் என்ற அட்லான்டா வாசகர்)

பெயர் வேண்டாம் என்றதிலிருந்தே நீங்கள் எந்த ஊர் என்று தெரிகிறது. இங்கே அதற்குச் சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியா எம்.பி. பீட் ஸ்டார்க் கொண்டுவந்தது. 1989-ல் நிறைவேறி 1992-ல் அமலானது. தனக்கோ குடும்பத்துக்கோ பங்கிருக்கும் லேபுக்கு மெடிகேர் நோயாளிகளை டாக்டர் அனுப்பக் கூடாது. மற்ற துறைகளெல்லாம் பிறகுதான் சேர்ந்தன, சட்டம் முதலில் கை வைத்தது லேபின் மேல்தான். காரணமில்லாமல் கை வைத்திருப்பார்களா?

எதிர்பாராத பில்லுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டதே! அதைக் காட்டினால் போதாதா?
(நேப்பர்வில், இலினாய் வாசகி)

2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் சட்டத்தைச் சொல்கிறீர்கள். நல்ல சட்டம், ஆனால் எல்லா வாசலிலும் நிற்காது. உங்கள் இன்சூரன்ஸில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ அறுவை சிகிச்சை மையத்துக்கோ போனீர்கள், அங்கே எடுத்த ரத்தத்தை வெளி லேப் ஒன்று சோதித்தது என்றால், சட்டம் உங்கள் பக்கம். உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கூட அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

ஆனால் சாதாரண டாக்டர் கிளினிக் அந்தப் பட்டியலில் இல்லை. நம்மில் பெரும்பாலோர் ரத்தம் கொடுப்பது அங்கேதான். குடை இருக்கிறது, மழை பெய்யும் இடத்தில் விரிய மாட்டேன் என்கிறது.

லேப் மாறினால் ரிசல்ட்டும் மாறுமா? எனக்குச் சர்க்கரை, தைராய்டு இரண்டும் உண்டு.
(கேரி, வட கரோலைனா வாசகர்)

நல்ல கேள்வி. விலையைப் பற்றிக் கேட்காத ஒரே கடிதம் உங்களுடையது.

சர்க்கரைக்கான மூன்று மாதச் சராசரி, ஏ1சி, பெரிதாக மாறாது. அந்தச் சோதனையை நாடு முழுவதும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வெகுநாள் பாடுபட்டிருக்கிறார்கள். தைராய்டு ஹார்மோன்கள், ஆண்களின் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. போன்றவை அப்படியல்ல. எந்தக் கம்பெனி மெஷின், எந்த முறை என்பதைப் பொறுத்து எண் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு லேபும் தன்னுடைய "நார்மல்" எல்லையைத் தனியாக அச்சடிப்பது அதனால்தான். பழைய லேபின் எண்ணைப் புதிய லேபின் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்த்து ராத்திரி தூக்கம் கெட்டவர்கள் பலர்.

ஒரே லேப் என்ற ஏற்பாட்டைத் திட்டித் தீர்த்த பிறகு, நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் ஒரே தராசில் நிறுத்தால்தான் ஏறினோமா இறங்கினோமா என்று தெரியும். உங்களுக்கு இந்த ஏற்பாடு உண்மையிலேயே நல்லது. மாறும் சமயத்தில் பழைய ரிப்போர்ட்டுகளைத் தரவிறக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் ரிசல்ட்டில் எண் துள்ளினால் மருந்தை மாற்றும் முன் டாக்டரிடம் "லேப் மாறியிருக்கிறது" என்று சொல்லுங்கள். இன்னொன்று: முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதையும் சொல்லுங்கள். சில தைராய்டு சோதனைகளை அது குழப்பிவிடும்.

ஃபாஸ்டிங் டெஸ்டுக்கு முன் காபி குடிக்கலாமா? பால் இல்லாமல்?
(சியாட்டில் வாசகர்)

பால் இல்லாத காபியைக் குடிக்க நினைத்தபோதே நீங்கள் பாதித் தமிழர் ஆகிவிட்டீர்கள். தண்ணீர் மட்டும்.

இன்சூரன்ஸிலிருந்து ஈ.ஓ.பி. என்று ஒரு தாள் வருகிறதே, அதற்குப் பணம் கட்ட வேண்டுமா?
(எடிசன் வாசகரின் மனைவி)

அதன் மேலேயே "இது பில் அல்ல" என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் தபாலில் வரும் ஒரே நல்ல வார்த்தை அது. வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நிஜப் பில் வரும்போது "நீங்கள் தர வேண்டியது" என்ற எண் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் கட்டாதீர்கள், போன் செய்யுங்கள். உங்கள் கணவர் கட்டிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம்.

வருடாந்தரப் பரிசோதனை இலவசம் என்றார்கள். கொலஸ்ட்ராலுக்குப் பில் வந்திருக்கிறது!
(பாஸ்டன் வாசகி)

இலவசம்தான், இரண்டு நிபந்தனைகளோடு. லேப் உங்கள் இன்சூரன்ஸில் இருக்க வேண்டும். சீட்டில் டாக்டர் போட்ட பில்லிங் கோடு "வருமுன் காப்பது" என்று இருக்க வேண்டும். "ஏற்கெனவே கொலஸ்ட்ரால் உண்டு, எவ்வளவு என்று பார்க்கிறேன்" என்று கோடு போட்டால் அது வைத்தியக் கணக்கு, இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய டிடக்டிபிளில் போய் விழும். கோடு தவறாக இருந்தால் டாக்டர் ஆபீஸ்தான் திருத்தி அனுப்ப வேண்டும், லேபுடன் மல்லுக்கட்டிப் பயனில்லை.

ஒரே லேப் என்பது ஏகபோகம்தானே? கேட்பார் இல்லையா?
(டாம்பா, ஃப்ளோரிடா வாசகர்)

உங்கள் மாநிலத்திலேயே கேட்டார்கள். 2014-ல் யுனைடெட் அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தது. சுமார் 80 சோதனைகளுக்கு, எழுதும்போதே டாக்டர் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பில் பதிய வேண்டும். அந்த அமைப்பை நடத்திய பீக்கன் எல்.பி.எஸ். யாருடையது? லேப்கார்ப்பின் துணை நிறுவனம். பந்திக்கு யாரை விடுவது என்று வாசலில் நிற்பவர், உள்ளே பரிமாறுபவரின் தம்பி! டாக்டர்களும் நோயியல் நிபுணர்களும் சத்தம் போட்டதில், பதியாவிட்டால் பணமில்லை என்ற விதியை 2015 ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஆனால் ஒன்று. இரண்டு லேப் இருந்தால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். பாக்கி வசூலிக்க இருவரும் அமர்த்தியிருந்த ஏஜென்சி ஒன்றே. 2019-ல் அதன் கம்ப்யூட்டருக்குள் திருடன் புகுந்தது வெளியே வந்தது. குவெஸ்ட் நோயாளிகள் சுமார் 1 கோடியே 19 லட்சம் பேர், லேப்கார்ப் நோயாளிகள் சுமார் 77 லட்சம் பேரின் விவரம் திருடன் கைக்கு எட்டியது. போட்டியெல்லாம் முன்வாசலில்தான், கொல்லைப்புறம் பொது.

இவர்கள் இருவரையும் ஒழிக்க ஒருவர் வந்தாரே, ஒரு துளி ரத்தத்தில் எல்லாம் பார்ப்பதாக?
(ஃபீனிக்ஸ், அரிசோனா வாசகர்)

வந்தார். எலிசபெத் ஹோம்ஸ், தெரானோஸ். உங்கள் ஊர் வால்கிரீன்ஸ் கடைகளில்தான் கடை விரித்தார். 2018-ல் கம்பெனி மூடியது, 2022-ல் அவருக்கு 11 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை. இப்போதும் நமக்கு மூன்று குழாய்தான்.

கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். இந்த லேப் விதி அவர்களுக்கும் உண்டா?
(ஜெர்சி சிட்டி வாசகர்)

உங்கள் ஆபீஸ் இன்சூரன்ஸ் அவர்களைச் சேர்க்காது. விசிட்டர் இன்சூரன்ஸ் வாங்கியிருப்பீர்கள். அதில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு வழக்கமான சோதனை பெரும்பாலும் கிடையாது. ஆகவே விமானம் ஏறும் முன் கும்பகோணத்திலேயே எல்லாச் சோதனைகளையும் முடித்து, ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். ஊறுகாய்க்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு தாளுக்கு இடமிருக்கும்.

இங்கே வந்து அவசியப்பட்டால், இரண்டு பெரிய லேப்களும் இணையத்தில் நேரடியாகவே சோதனைகளை விற்கின்றன. விலையை முன்பே பார்த்துவிட்டுக் கட்டலாம். டிடக்டிபிள் பெரிதாக உள்ள உங்களைப் போன்றவர்களும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அப்படிக் கட்டிய பணம் பெரும்பாலும் டிடக்டிபிள் கணக்கில் ஏறாது. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் லேப் பக்கம் மட்டும் விசாரிக்காமல் போக வேண்டாம். அதே சோதனைக்கு அங்கே பல மடங்கு விலை சகஜம்.

புதிய லேப் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். யாரிடம் முறையிடுவது?
(டெஸ் மாய்ன்ஸ் அருகே ஒரு சிற்றூர் வாசகி)

முதலில் இன்சூரன்ஸிடம் விலக்குக் கேளுங்கள். "அருகில் லேப் இல்லை" என்பது செல்லுபடியாகும் காரணம், எழுத்தில் கேளுங்கள். டாக்டர் அறையிலேயே எடுத்து அந்த லேபின் கூரியரிடம் கொடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். பல சமயம் முடியும், யாரும் சொல்வதில்லை.

அதிலும் காரியம் ஆகவில்லையா? உங்கள் ஆபீஸ் எச்.ஆர். கதவைத் தட்டுங்கள். இந்த நாட்டில் வேலை மூலம் இன்சூரன்ஸ் பெறுபவர்களில் பாதிக்கு மேல், நிஜத்தில் பணம் போடுவது அவர்கள் முதலாளிதான். அட்டையில் இருக்கும் பெயர் கணக்குப்பிள்ளை மாத்திரம். அப்படிப்பட்ட திட்டத்தை மாநில இன்சூரன்ஸ் இலாகா தட்டிக் கேட்க முடியாது, மத்தியத் தொழிலாளர் துறைதான் கேட்கும். கடையில் முதலாளி இருக்கும்போது கணக்குப்பிள்ளையிடம் சண்டை போடுவானேன்?

அடுத்த இதழுக்கான கேள்விகள் 20-ஆம் தேதிக்குள் வந்து சேரட்டும். பில்லின் நகலை இணைக்கும் வாசகர்கள் தயவுசெய்து மெம்பர் நம்பரையும் பிறந்த தேதியையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்புங்கள். இந்த மாதம் பதினொரு பேருடைய கொலஸ்ட்ரால் எனக்குத் தெரிந்துபோனது.