உட்காருதல்: ஒரு சிற்றாராய்ச்சி

மனநல வார்டில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு முதல் வாரத்தில் ஒரு திகைப்பு வரும்: இங்கே நான் செய்ய என்ன இருக்கிறது? பொது வார்டில் கைக்கு ஓய்வே கிடையாது. டிரிப்ஸ் மாற்ற வேண்டும், கட்டுப் போட வேண்டும், பி.பி. பார்க்க வேண்டும். இங்கே மாத்திரை கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதி முடித்தால் பொழுது நீண்டு கிடக்கிறது. அவருடைய முதன்மையான வேலை அந்தப் பொழுதில்தான் தொடங்குகிறது. நோயாளியின் பக்கத்தில் உட்காருவதே அந்த வேலை. அதை முறையாக ஆராய வேண்டும் என்பது என் துணிபு.

சட்டம் அவரைப் புதியவராகப் பார்ப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் விளக்கத்தின்படி, பொதுச் செவிலியப் பட்டயமோ பட்டமோ பெற்றுப் பதிவு செய்தவரும் மனநலச் செவிலியர்தான். ஆக, பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்த பெண் முதல் நாளே முழுப் பொறுப்புடையவர். பெயரைச் சட்டம் கொடுத்துவிடுகிறது. பழக்கம் வர ஒரு வருடமாவது ஆகிறது.

இந்த உட்காருதலுக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் 1794இல் சிறு காப்பகமாகத் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது இன்றைய மனநல மருத்துவமனை. அந்தக் காலத்துக் காப்பகங்களில் நோயாளிக்கு அருகில் நின்றவர் பெரும்பாலும் காவல்காரர். பக்கத்தில் இருப்பதே சிகிச்சை என்று கோட்பாடாக எழுதியவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவைப் பற்றிய அவருடைய நூல் 1952இல் வந்தது. அதே ஆண்டில்தான் பாரிசில் மனநல மருத்துவர்கள் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தும் உறவும் ஒரே ஆண்டில் வார்டுக்குள் வந்தன என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று எவ்வளவு தடுமாறும் என்பதைக் கீழே காணலாம்.

முதலில் நாற்காலி. நோயாளிக்கு நேர் எதிரே போடக் கூடாது; விசாரணை போல ஆகிவிடும். சற்றுச் சாய்வாக, கை நீட்டினால் எட்டாத தூரத்தில் போட வேண்டும். கதவு செவிலியருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் நோயாளி வெளியே போகும் வழியை நாற்காலி அடைக்கக் கூடாது. அடைபட்டதாக உணர்கிறவருக்குத்தான் பயம் முற்றும். அவர் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு பேசக் கூடாது. பேச்சு வராவிட்டாலும் பாதகமில்லை. "அஞ்சு நிமிஷம் இங்க உக்காந்திருக்கேன் அண்ணா, பேசணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டால், அந்த ஐந்து நிமிடமும் இருந்தே ஆக வேண்டும். பாதியில் எழுந்துபோனால் மறுநாள் அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும்.

இனி, உட்கார முடியாதவர். ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய சில நாளில் ஒருவர் வராந்தாவில் மேலும் கீழும் நடக்கத் தொடங்குகிறார். உட்காரச் சொன்னால் உட்காருகிறார், உடனே எழுகிறார். நிற்கும்போதும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கிறார். சாப்பாட்டுத் தட்டை ஏந்தியபடியே நடக்கிறார். தூரத்திலிருந்து பார்ப்பவர் டூட்டி மாறும் நேரத்தில் ஓவர் கொடுக்கும்போது "ரெஸ்ட்லெஸ்ஸா இருக்கார், அடங்கல" என்று சொல்வார். அதைக் கேட்டு மருந்தின் அளவைக் கூட்டினால் அவஸ்தையும் கூடும். ஏனென்றால் அது நோயின் ஆவேசம் அல்ல. மருந்தே தரும் அகத்திசியா. மருந்துகள் வரும் முன்பே, 1901இல், செக் மருத்துவர் ஹாஸ்கோவெட்ஸ் இந்நிலைக்கு அப்பெயரைச் சூட்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் செவிலியருக்கே நோயாளி சொல்கிறார்: "மனசு அமைதியாத்தான் இருக்கு சிஸ்டர், காலுக்குள்ள என்னமோ பண்ணுது, உக்கார விடமாட்டேங்குது." இந்த ஒரு வாக்கியம் அப்படியே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், மாற்றலாம், புரோப்ரனலால் சேர்க்கலாம். கேட்காமல் விட்டால் என்ன நேரும்? வேதனை தாளாமல் மருந்தையே நிறுத்திவிடுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரையிலும் அது கொண்டுபோகும்.

உட்கார முடியாதவரைக் கட்டிப்போடுவது பழைய வழி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. புதிய செவிலியர் ஒவ்வொருவரும் வார்டுக்குள் நுழையும்முன் இந்த நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழவே முடியாமல் உட்கார்ந்திருப்பவரும் உண்டு. 1874இல் மனநல மருத்துவர் கால்பாம் விவரித்த கேட்டடோனியா என்ற நிலை அது. தூக்கிய கை தூக்கியபடி நிற்கும். வாயில் வைத்த சோறு வாயிலேயே இருக்கும். லோராசிபாம் ஊசி போட்டு, சில வேளை சிறிது நேரத்திலேயே, அவர் தண்ணீர் கேட்பதைப் பார்க்கும் செவிலியர் அந்நாளை மறக்கமாட்டார். அதுவரை நோயாளி எதையும் உணரவில்லை என்று எண்ணி, தலைமாட்டில் நின்று அவரைப் பற்றியே பேசக் கூடாது. மீண்டு வந்த பிறகு அப்போது கேட்டதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது இரவு டூட்டி. ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவருக்கு விடியுமுன்பே விழிப்புத் தட்டிவிடும். அந்த வேளையில் மனம் மிகக் கனத்திருக்கும். சிகிச்சையால் உடலில் தெம்பு திரும்பியும் மனம் இன்னும் தேறாத நாட்களில் ஆபத்து அதிகம் என்று மனநலப் பாடம் எச்சரிக்கிறது. "நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல" என்று ஓவரில் கேட்டவுடன் கண்காணிப்பைத் தளர்த்திவிடக் கூடாது. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆனால் 22 வயதுச் செவிலியர் ஒருவர் முதன்முறை அதைக் கேட்கும்போது பதில் "ஆமா" என்று வந்தால் தனியாக நிற்கக் கூடாது. ஆகவே டூட்டி போடும் இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் சில மாதம் புதியவரை இரவில் தனியாகப் போடாதீர்கள், அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்துப் போடுங்கள். ரவுண்ட்ஸ் வரும்போது அந்தப் புதியவர் ஒரு கட்டிலருகே உட்கார்ந்திருந்தால், சும்மா இருக்கிறார் என்று எழுப்பிவிடாதீர்கள்.