மூன்று கொட்டேஷனும் ஒரு டிகிரியும்

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் அவர். ஓடுகிற மோட்டாரின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும், பேரிங் போயிருக்கிறதா, இம்பெல்லர் உரசுகிறதா என்று காதாலேயே சொல்லிவிடுவார். டிப்ளமோ மெக்கானிக்கல், இருபது வருட அனுபவம். அவரிடம் ஆறு மாதம் ட்ரெயினியாக இருந்து வேலை பழகிய பி.இ. பையன்தான் இன்றைக்கு அவருக்கு மேனேஜர். தங்கமான பையன். இப்போதும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறான். அண்ணனின் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவதும் அவன்தான்.

பதவி உயர்வுப் பட்டியலில் மூன்றாவது வருடமாகத் தன் பெயர் இல்லாததைக் கண்டு அவர் ஆபீஸில் விசாரித்தார். "கம்ப்யூட்டர்ல பி.இ., பி.டெக்.னு ரெண்டுதான் இருக்குதுங்க. உங்களுது உள்ள போக மாட்டேங்குது" என்றார்கள். இருபது வருட அனுபவத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரில் கட்டம் இல்லை.

"ஏனுங்க, பாப்பா அடுத்த வருசம் காலேஜுக்குப் போகோணும். நீங்களுமா?" என்றார் மனைவி.

"செலவு கம்மியா இருக்கற மாதிரி பாக்கலாம் அம்மிணி."

ஒரு பெட்டி போல்ட் வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் கேட்டுப் பழகிய கை. மகளின் பழைய ரஃப் நோட்டில் கோடு கிழித்து விலை, டெலிவரி, கேரண்டி என்று மூன்று கட்டம் போட்டார். எட்டிப் பார்த்த மனைவி, 'தூக்கம்' என்று நாலாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்.

முதல் கொட்டேஷன் ஏ.எம்.ஐ.இ. ஃபவுண்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சொன்ன வழி அது. 1920இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1928 முதல் நடத்திவரும் தேர்வு. கல்லூரி கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பேப்பராக எழுதித் தள்ளலாம். ஷிப்ட் முடிந்து அரிக்கேன் வெளிச்சத்தில் படித்தே இன்ஜினியர் ஆனவர்கள் நாடு முழுக்க உண்டு. விலையில் இதை அடிக்க ஆளில்லை. கேரண்டி கட்டத்தில்தான் வண்டி நின்றது. மத்திய அரசு வேலைகளுக்கு இது பி.இ.க்கு இணை என்ற பழைய ஏற்பாடு, 2013 மே 31 வரை பதிவு செய்துகொண்டவர்களோடு நின்றுபோனது. அந்த மே மாதம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? மகளின் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு வரிசையில் நின்றிருந்தார்.

இரண்டாவது கொட்டேஷன் போனில் தானாகவே வந்தது.

"கிளாஸ் கிடையாது சார், லேப் கிடையாது. எக்ஸாமைக்கூட நாங்களே பாத்துக்கறோம். சர்டிபிகேட் வீட்டுக்கு வந்துடும்."

"அப்ப நான் எதுக்குங்க?"

"பணம் கட்டறதுக்கு சார்."

பதில் நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் தபாலில் வரும் பொறியியல் பட்டத்தின் கதையை அவர் விசாரித்து வைத்திருந்தார். உரிய அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியில் கொடுத்த பட்டங்களைப் பற்றி 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் புதிதாக ஒரு தேர்வெழுதித் தேறினால்தான் பட்டம் தங்கும். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அந்தப் பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கி, அதற்காக லட்டும் கொடுத்துவிட்டவர்களின் நிலைமையை அவர் நினைத்துப் பார்த்தார். கேரண்டி கட்டத்தில் 'சுப்ரீம் கோர்ட்' என்று எழுதி அடித்துவிட்டார்.

மூன்றாவது, மகள் செல்போனில் கண்டுபிடித்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் டேட்டா சயின்ஸ், 2023இல் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் என ஆன்லைனில் பட்டப்படிப்புகளைத் தொடங்கியிருக்கிறது. ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பும் இல்லை. பாடம் வீட்டில், பரீட்சை நேரில். "அப்பா ஐ.ஐ.டி.!" என்று மகள் துள்ளினாள். இரண்டு நாள் அவர் ஐ.ஐ.டி.க்காரர் மாதிரியே நடந்தார். மூன்றாம் நாள் பார்த்தால் அது பி.எஸ். பட்டம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதற்கும் கட்டம் இல்லை.

கட்டத்துக்குள் போகக்கூடியதாக ஒன்று இருந்தது. பிட்ஸ் பிலானி 1979 முதலே வேலையில் இருப்பவர்களுக்கென்று தனிப் படிப்புகள் நடத்துகிறது, அதில் பி.டெக்.கும் உண்டு. டெலிவரி, கேரண்டி இரண்டிலும் தேறியது, தூக்கத்திலும்கூடப் பாதகமில்லை. கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, மகளுக்கென்று போட்டு வைத்த சீட்டுப் பணம் கண்முன் வந்து நின்றது. நோட்டை மூடினார்.

கடைசியில் கிடைத்த வழி ஊருக்குள்ளேயே இருந்தது. டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தவர்களுக்கான பகுதிநேர பி.இ. சாயங்கால வகுப்பு, ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம். ஜி.சி.டி., சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. என்று கோவையிலேயே நடத்துகிற கல்லூரிகள் இருந்தன.

மூன்றரை வருடம் என்றதும் அவருக்கு ஜி.டி. நாயுடு ஞாபகம் வந்தார். பள்ளிப் படிப்பையே முடிக்காத நாயுடு 1945இல் கோவையில் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் பின்னாளில் தடாகம் சாலைக்குப் போய் ஜி.சி.டி. ஆனது. கல்லூரி போன பிறகும் பீளமேட்டில் பஸ் நிற்கும் இடம் மட்டும் 'ஹோப் காலேஜ்' என்றே நிலைத்துவிட்டது. இன்ஜினியரிங்குக்கு நாலு வருடம் எதற்கு, இரண்டு வருடம் தாராளம் என்பது நாயுடுவின் கட்சி. அரசாங்கம் கேட்கவில்லை. "அன்னைக்கே கேட்டிருந்தா எனக்கு ஒன்றரை வருசம் மிச்சமுங்க" என்பது சூப்பர்வைசரின் கணக்கு.

விண்ணப்பத்தோடு அனுபவச் சான்றிதழ் வேண்டும். அதில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்களுக்கு ரெண்டு வருச அனுபவம் இருக்குதுன்னு நான் எழுதித் தரணுமாண்ணா?" மேனேஜர் பையன் பேனாவை மூடிவிட்டான். "எனக்கே சங்கடமா இருக்குது."

"சங்கடமெல்லாம் அப்பறம் படலாந் தம்பி. தேதியச் சரியாப் போடு. போன லீவு லெட்டர்ல வருசத்த மாத்தி எழுதிட்ட."

ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ரஃப் நோட்டில் வராத செலவுகள் அதற்குப் பிறகு வந்தன. பெட்ரோல், வகுப்புக்கு முன்னால் டீயும் தேங்காய் பன்னும், கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி. 1827இல் காலமான லாப்லாஸ், செவ்வாய்க்கிழமைதோறும் எழுந்து வந்து உயிரை எடுத்தார். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் மின்வாரியத்துக்காரர். யார் முதலில் தூங்கினாலும் மற்றவர் இடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஒருநாள் இடிக்க ஆளில்லாமல் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

ஒரு சாயங்காலம் இளம் விரிவுரையாளர் போர்டில் கேவிட்டேஷன் படம் போட்டுக்கொண்டிருந்தார். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஆவியாகிக் குமிழி கட்டும், அது இம்பெல்லரில் போய் உடையும், உலோகத்தை அரிக்கும். பின் பெஞ்சிலிருந்து சூப்பர்வைசர் கை தூக்கினார்.

"வெளிய ஜல்லி அள்ளிக் கொட்டற மாதிரி ஒரு சத்தம் கேக்குதுங்களா சார்? அதுதானுங்க."

வகுப்பே வெளியே போய் மோட்டார் ரூமைப் பார்த்தது. ஃபுட் வால்வில் இலை அடைத்திருந்தது. மறுநாள் அவரே ஸ்பேனரோடு வந்து சரிசெய்தார். விரிவுரையாளர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு. கேவிட்டேஷன் என்றால் என்ன, இரண்டு மார்க். அவருக்குக் கிடைத்தது அரை மார்க். வீட்டில் பேப்பரை வாங்கிப் பார்த்த மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, டெஃபனிஷன் எழுதாம ஃபுட் வால்வ எப்படிக் கழட்டறதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க?"