நாற்பது பக்க நோட்டு

2008-ல் சென்னையில் நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்த அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதற்குள்ளேயே வி.எம். (விர்ச்சுவல் மெஷின்) என்ற இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்கலாம் என்று தெரிந்த இரவில் யாருமே தூங்கவில்லை. அதற்கான மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், உள்ளே குடியேறும் உபுண்டு லினக்ஸும் இலவசம். அப்போதெல்லாம் முகவரி எழுதிக் கேட்டால் போதும், காசு வாங்காமல் குறுந்தட்டைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். தபால்காரர் தந்துவிட்டுப்போன அந்த அட்டை உறையைப் பிரிக்க மனம் வராமல் ஒரு மாலை முழுக்க மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படியொரு உறை வந்திருக்கலாம்.

ராம் மொத்தமே ஒரு ஜிபி. கூட்டுக்குடும்பத்தில் குழம்பைப் பங்கு வைப்பதுபோல அதில் 384 எம்பியைப் புதுக்குடித்தனத்துக்கு ஒதுக்கினோம். அந்தச் சின்ன ஜன்னலுக்குள் சுட்டியைச் சொடுக்கினால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வலப்பக்கத்து கண்ட்ரோல் விசையைத் தட்டினால்தான் வெளியே வரும். உள்ளே இருந்தவருக்குக் கிடைத்த முகவரி 10.0.2.15. அங்கிருந்து அவர் இணையம் முழுக்கச் சுற்றி வரலாம், ஆனால் வெளியிலிருந்து நாம் தட்டினால் கதவு திறக்காது. நான் எழுதிய முதல் பிஎச்பி பக்கத்தை வெளியே இருந்த ஃபயர்ஃபாக்ஸில் பார்ப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. போர்ட் ஃபார்வர்டிங் என்ற சொல்லை அந்த இரண்டு நாளில்தான் கற்றேன்; நெட்வொர்க் என்றால் என்ன என்பதையும் சேர்த்து.

பட்ட பாட்டையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் படிப்படியாக எழுதிவைத்தேன். அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி, எந்த ஃபைலில் எந்த வரியை மாற்றவேண்டும், மாற்றிய பிறகு எதை ரீஸ்டார்ட் செய்யவேண்டும் என்று எல்லாம். ஓரத்தில் வேறு குறிப்புகளும் உண்டு: ‘இந்த இடத்தில் கரண்ட் போனது. மொட்டை மாடிக்குப் போய்விட்டோம்.’ மின்வெட்டு மிகுந்த அந்த ஆண்டில், பாதி இன்ஸ்டாலேஷனில் இருட்டாகிப்போன அறையிலிருந்து மாடிக்கு ஏறி நாங்கள் பேசிய பேச்சுகளும் அந்தப் படிகளுக்கு நடுவே எங்கோ இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட இனித்தது ஸ்னாப்ஷாட். இயந்திரத்தின் இன்றைய நிலையை அப்படியே சேமித்துவிட்டு, என்ன கெட்டாலும் அங்கேயே திரும்பிவிடலாம். எது உடையும் என்று பார்ப்பதற்காகவே சிஸ்டம் ஃபைல்களை அழித்துப் பார்த்தோம். தவறு செய்யப் பயப்படாத வயதும் அந்த வசதியும் ஒன்றாக வாய்த்தது எங்கள் பாக்கியம்.

2010-ல் வேக்ரன்ட் வந்தது. நோட்டில் நான் பேனாவால் எழுதியதை ஒரு ஃபைலில் எழுதிவைத்தால் அதுவே படித்து இயந்திரத்தைக் கட்டிவிடும். 2013-ல் டாக்கர் வந்தது. முழு இயந்திரம் எதற்கு, இயங்குதளத்தின் கருவான கெர்னலைப் பகிர்ந்துகொண்டால் போதும் என்றது. போன மாதம் எங்கள் குழுவில் சேர்ந்த பெண், முதல் நாளே ஒற்றைக் கட்டளையைத் தட்டிவிட்டுக் காபி எடுத்துவரப் போனாள். திரும்பி வருவதற்குள் டேட்டாபேஸ் உட்பட எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளை இரண்டு நிமிடமாகப் பெற்றவளைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான்; மொட்டை மாடி இல்லாமல் போயிற்றே என்பதும் மனதில் இருந்தது.

“அண்ணா, நீங்கல்லாம் வி.எம். வெச்சா வேலை பார்த்தீங்க?” என்று கேட்டாள். அவளுடைய மேக்கில் டாக்கருக்கு அடியிலும் ஒரு சின்ன லினக்ஸ் வி.எம். சத்தமில்லாமல் ஓடுகிறது என்று காட்டினேன். எங்கள் பழைய குடித்தனக்காரர்தான். அவள் கண்கள் விரிந்தன, அன்று எங்களுக்கு விரிந்ததைப் போலவே.

மறுநாள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரக் குறிப்புகளைத்தான் அவள் வெகுநேரம் படித்தாள். டாக்கர்ஃபைலில் ஹேஷ் குறியிட்டுத் தொடங்கும் வரியை இயந்திரம் படிக்காது, அடுத்து வரும் மனிதருக்கான இடம் அது என்றேன்.

சென்ற வாரம் அந்த ஃபைலைத் திறந்தபோது, ஒரு வரிக்கு மேலே அவள் எழுதியிருந்தாள்: ‘இந்த வரி இல்லாமல் மூன்று மணி நேரம் தவித்தேன். வெளியே மழை.’