அரைப்பழக்கத்தின் ஆற்றல்: கல்யாணப் பந்தி முதல் லிங்க்ட்இன் வரை ஓர் ஆய்வு

முன்னுரை

வேலை பார்ப்பவரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வேலை தேடுபவர் பார்க்கும் வேலையைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. காலையில் எழுந்ததும் நௌக்ரி தளத்தைத் திறந்து, தன் விவரத்தில் ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுச் சேமித்து, மறுநாள் அதே முற்றுப்புள்ளியைத் திரும்ப வைத்துச் சேமிக்கும் இளைஞர் சம்பளமில்லாத முழுநேர ஊழியர் என்பதே இவ்வாய்வின் அடிப்படை. (முற்றுப்புள்ளிச் சடங்கை மூடநம்பிக்கை என்று தள்ள இயலாது. ஆள் எடுப்போர் அத்தளத்தில் தேடும்போது, அண்மையில் நடமாட்டம் காட்டியவர்களை மட்டும் சலித்தெடுக்க வழி உண்டு. எனவே புள்ளிக்கும் பிழைப்புக்கும் தொடர்பு உண்டென்க.)

ஆய்வு எல்லை: சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை இருக்கிறது என்று நம்பி, வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ நண்பர்களோடு அறையெடுத்திருக்கும் பொறியியல் பட்டதாரிகள். அரசுத் தேர்வு எழுதுவோர் தனி இனம். அவர்களுக்கு ஓர் ஆய்வேடு போதாது, பல்கலைக்கழகமே வேண்டும்.

கருதுகோள்: நெருங்கியவர் உதவமாட்டார், அறியாதவரும் உதவமாட்டார், கல்யாணத்தில் மட்டும் பார்க்கிறவரே உதவுவார்.

முன்னோர் ஆய்வுகள்

இக்கருதுகோளை நமக்கு முன்பே ஓர் அமெரிக்கர் திருடிவிட்டார். மார்க் கிரனோவெட்டர் என்னும் சமூகவியலாளர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில் புதிதாக வேலை மாறியவர்களைப் பிடித்து, யார் மூலம் தெரிந்தது என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் என்று சொன்னவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று மேலும் குடைந்தார். வாரம் இருமுறையாவது பார்க்கிறவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர் என்றோர் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது அதுகூட இல்லை என்றோர் 27.8 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறவருக்கு அமெரிக்காவில் என்ன பெயரோ, நம்மூரில் அவர் ஒன்றுவிட்ட மாமா.

காரணம் எளியது. கூடவே இருக்கும் நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். அவனும் அதே வாட்ஸ்அப் குழுவில் அதே வாக்-இன் அறிவிப்பைப் பார்த்து, அதை நமக்கே அனுப்புகிறான். அரைப்பழக்கமானவர் வேறு வட்டத்தில் உழல்கிறவர். அவர் காதில் வேறு செய்தி விழும். இதைச் சொல்லும் கட்டுரையை 1969இல் ஒரு சமூகவியல் இதழ் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. 1973இல் வேறோர் இதழில் வந்து, அத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்றாகிவிட்டது. வேலை தேடுவது எப்படி என்று சொன்ன கட்டுரைக்கே முதல் கம்பெனியில் ரிஜெக்ட்.

இந்திய அரசு வேறு வழியில் முயன்றது. வேலைவாய்ப்பகங்களுக்குக் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்ற 1959ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தியது. ஆனால் அறிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆளெடுக்க வேண்டும் என்பதில்லை என்றும் அதே சட்டம் சொன்னது. பந்தி நடக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும், இலை போட வேண்டியதில்லை. பதிவு அட்டையை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்து, சீனியாரிட்டியைப் பூர்வீக நிலம்போலக் காத்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது.

பிறகு 1997இல் நௌக்ரி வந்தது. 2003இல் லிங்க்ட்இன் வந்தது. அந்த இரண்டாவது தளத்தில் 2015 முதல் 2019 வரை ஒரு சோதனை நடந்தது. ‘இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டும் பெட்டியில், சிலருக்கு நெருங்கியவர்களையும் சிலருக்குத் தூரத்தவர்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். இரண்டு கோடிக்கும் மேலானோர் சம்பந்தப்பட்ட அந்த ஆய்வு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. முடிவு: கிரனோவெட்டர் சொன்னது சரி, ஆனால் ஒரு திருத்தம். அடியோடு முகம் தெரியாதவரும் பயனில்லை. நமக்கும் அவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் சுமார் பத்துப் பேர் உள்ள, ஓரளவு தூரத்து ஆளே உத்தமம். இணையத்தில் புழங்கும் துறைகளில் இது செல்லும். அவ்வளவாகப் புழங்காத துறைகளில் நெருங்கிய உறவே கைகொடுக்கிறது. சாஃப்ட்வேர் வேலைக்கு ஒன்றுவிட்ட மாமா, மளிகை மண்டிக்குச் சொந்த மாமா என்று இதனைச் சுருக்கலாம்.

கள ஆய்வு

சொந்தச் சித்தப்பா ஏன் உதவமாட்டார் என்பதை அமெரிக்க ஆய்வுகள் விளக்கவில்லை. அங்கே சித்தப்பாவிடம் கேட்பதில் அப்பாவுக்கு மானம் போவதில்லை போலும். இங்கே, “அவன்கிட்ட போய் நிக்கணுமா?” என்று அப்பா ஒருமுறை கேட்டாரென்றால் அந்த வழி அடைந்தது. மீறிக் கேட்டு வேலையும் கிடைத்துவிட்டால், அடுத்த முப்பது ஆண்டு எல்லா விசேஷத்திலும் “இவனை நான்தான் சேர்த்துவிட்டேன்” என்பதைக் கேட்டுத் தீர வேண்டும். ஒன்றுவிட்ட மாமாவுக்கு அந்த உரிமையில்லை. பங்கு பிரிப்பில் அவருக்குப் பேச்சில்லை. அப்பா மீது பழைய கோபமில்லை. அதனால் அவர் மனதில் இடம் காலியாக இருக்கிறது.

அவர் அகப்படும் இடம் பந்தி. பக்கத்து இலைக்காரர், சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில் திரும்பி, “தம்பி என்ன பண்றே?” என்பார். ஆய்வுக்குட்பட்ட இளைஞர் பெரும்பாலும் இக்கேள்விக்கு அஞ்சி மொபைலைப் பார்க்கிறார். கல்யாணத்துக்கே வராமல் அறையில் படுத்திருப்பவரும் உண்டு. ஆய்வாளர் இதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அறியாதவரோடு பேச லிங்க்ட்இன் காசு வாங்கிக்கொண்டு தரும் வசதியை, மாமா வடைபாயசத்தோடு இலவசமாகத் தருகிறார். “தேடிட்டு இருக்கேன் மாமா” என்று தலைகுனிவது வீண். “டெஸ்டிங்ல ஒரு வருஷம் இருந்தேன் மாமா, இப்ப ஆட்டோமேஷன் பக்கம் பாக்குறேன். பெருங்குடியில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்றால், அவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். வேலை வாங்கித் தரச் சொன்னால் ஆள் பயந்துவிடுவார். யாரைத் தெரியும் என்று கேட்டால் பெருமையோடு சொல்வார்.

கடித இயல்

மாமா தந்த எண்ணுக்கோ, கல்லூரி சீனியருக்கோ அனுப்பும் செய்தி இருவகைப்படும்.

ஒன்று: “ஹாய் சார், ஏதாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க.” இதற்குப் பதில் ஒரு கட்டைவிரல், அதற்குமேல் வராது. பெறுபவர் இதற்கு உழைக்க வேண்டியிருக்கிறது: இவர் யார், என்ன படித்தார், எந்த வேலைக்கு ஆவார் என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

மற்றொன்று: “வணக்கம் அண்ணா, நான் நம்ம காலேஜ் 2022 பேட்ச், ஈ.சி.ஈ. உங்க கம்பெனி கேரியர்ஸ் பக்கத்துல டெஸ்ட் இன்ஜினியர் வேலை ஒண்ணு போட்டிருக்காங்க. ஜாப் ஐடி கீழே இருக்கு. அதுல கேட்டதுல செலினியமும் ஜாவாவும் எனக்குத் தெரியும். ரெஸ்யூம் பி.டி.எஃப் இணைச்சிருக்கேன். ரெஃபர் பண்ண முடியுமாண்ணா?” அண்ணன் உள்தளத்தைத் திறந்து, ஐடியைப் போட்டு, கோப்பை ஏற்றினால் முடிந்தது. பல ஐ.டி. நிறுவனங்களில், ரெஃபர் செய்த ஆள் சேர்ந்து சில மாதம் தாக்குப்பிடித்தால் ரெஃபர் செய்தவருக்குப் பணம் கிடைக்கும். ஆகவே கேட்பவர் கூச வேண்டியதில்லை. அண்ணனுக்கு வருமான வழி காட்டும் நல்ல தம்பி அவர்.

மாறாக, சேருமுன் பணம் கட்டச் சொல்கிற கன்சல்டன்சிக்கு எந்த வகைப்பாட்டிலும் இடமில்லை. அது காவல்துறையின் ஆய்வுப் பொருள்.

சுவடியியல்

‘ரெஸ்யூம்’, ‘ரெஸ்யூம் நியூ’, ‘ரெஸ்யூம் ஃபைனல்’, ‘ஃபைனல் ஒரிஜினல் 2’ எனப் பாடபேதங்கள் பல கிடைக்கின்றன. எது மூலபாடம் என்று ஆசிரியருக்கே தெரிவதில்லை. எல்லாப் படிகளிலும் தந்தை பெயர், பொழுதுபோக்கு (கிரிக்கெட், பாட்டு கேட்டல்), ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி, இடம், தேதி ஆகியவை சிதையாமல் வந்துள்ளன. அறிவிப்பில் கேட்ட திறமையின் பெயர் மட்டும் சிதைந்துள்ளது. முதலில் படிப்பது பல இடங்களில் மென்பொருள். அறிவிப்பில் உள்ள சொல் ரெஸ்யூமிலும் இருக்கிறதா என்று பார்க்கும். அதற்குக் கிரிக்கெட் தெரியாது. இரண்டு பத்தியாகக் கட்டம் போட்டு அழகுபடுத்தினால் வரிசை மாற்றிப் படித்துவிடவும் கூடும். தெரிந்த சொல்லை அறிவிப்பில் உள்ளபடியே எழுதுக. தெரியாத சொல்லை எழுதற்க, இன்டர்வியூவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மேலாய்வுக்கான களங்கள்

வேலை கிடைத்தவர் மறுநாளே ‘ஜாப் ஓப்பனிங்ஸ்’ குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகுவது ஏன்? லிங்க்ட்இன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டால் முதலில் கூப்பிடுவது ஆள் எடுப்பவரா, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா? “கை கழுவிட்டு வரேன், பேசுவோம் தம்பி” என்ற மாமா தாம்பூலப் பையோடு மண்டபத்தின் எந்த வாசல் வழியே மறைகிறார்? மூன்றாவதற்கு மட்டும் ஆய்வாளரிடம் விடை உண்டு: பேச்சை ஆரம்பிக்கும்போதே எண்ணை வாங்கிவிட வேண்டும், பாயசம் வரும்வரை காத்திருக்கலாகாது.