கரடித்தோலும் அச்ச நிவாரணமும்: மாத்தூரை முன்வைத்து ஓர் ஆய்வு

கரடித்தோலைப் பயன்படுத்துவதில் உலகில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று லண்டன் மரபு. மற்றது சென்னை மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பின் மரபு. முன்னதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பின்னதை எந்தப் பல்கலைக்கழகமும் சீந்தவில்லை.

லண்டன் மரபு வலுப்பெற்றது 1815இல். வாட்டர்லூவில் நெப்போலியனின் மெய்க்காவல் படையைத் தோற்கடித்த பெருமைக்காக, கிரெனேடியர் காவல் படைக்குக் கரடித்தோல் தொப்பி கிடைத்தது. உயரம் 18 அங்குலம். எடை முக்கால் கிலோவை நெருங்கும். தோல் கனடாவின் கருங்கரடியுடையது. போட்டவன் நெட்டையாகத் தெரிவான், எதிரி நடுங்குவான் என்பது கோட்பாடு. ஆனால் 2023 ஜூனில், இளவரசர் வில்லியம் பார்வையிட்ட ஒத்திகை அணிவகுப்பில் வெயில் 30 டிகிரியை ஒட்டி வந்ததும், தொப்பி போட்டவர்களில் சிலரே மயங்கி விழுந்தார்கள். (30 டிகிரி என்றால் மாத்தூரில் மார்கழி. குரங்குக் குல்லாயை வெளியே எடுக்கும் பருவம்.)

மாத்தூர் மரபு முழுத்தோலை வீண்செலவு என்று தள்ளுகிறது. பிள்ளை ராத்திரியில் வீறிட்டு அழுதால், "பயந்துகினு கீறான், ஒரு கரடி முடி தாயத்து கட்டு" என்பார் எதிர்வீட்டு ஆயா. கறுப்புக் கயிறு, சின்னக் குப்பி, உள்ளே ஒரு முடி. அவ்வளவுதான். அங்கே பிறரைப் பயமுறுத்த முக்கால் கிலோ. இங்கே பயத்தைத் தெளிவிக்க ஒற்றை முடி.

தொப்பி ஒன்றின் விலை இப்போது 2,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. செயற்கை ரோமத்தில் செய்யுங்களேன் என்று பீட்டா அமைப்பினர் கேட்டதற்கு, அது தண்ணீரை வடியவிடும் சோதனையில் தேறவில்லை என்று பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் கைவிரித்தது. இங்கே நிலைமை வேறு. நம்மூர்க் கரடி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் முடியை விற்றாலே குற்றம். ஆகவே குப்பிக்குள் இருப்பது கரடி முடியா, துடைப்ப நாரா என்ற கேள்வி எழுகிறது. பிரித்துப் பார்த்தால் பலிக்காது என்று விற்பவர் முன்கூட்டியே விதி வகுத்துவிட்டதால், ஆய்வு அந்த இடத்தில் மரியாதையாக நின்றுகொள்கிறது. எதுவாயினும் பிள்ளை தூங்கிவிடுகிறது. செயற்கை ரோமத்தை அமைச்சகம் மாத்தூரில் சோதித்திருந்தால் அன்றே தேறியிருக்கும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. நள்ளிரவில் மணலி சாலையில் கண்டெய்னர் லாரிக்காரர் அடிக்கும் ஏர் ஹாரனுக்கு இந்தத் தாயத்து கேட்பதில்லை. அதற்கு முழுக் கரடியையே அரைஞாணில் கட்டித் தொங்கவிட வேண்டும்.